லம்பாம் மீனின் வயிற்றில் அத்தி

மீன் வாடை பிடிக்காததால்தான் ஷஹீதா தாவரவியல் படித்தாள். மலேசியாவின் சிரம்பானில் அவளுடைய அத்தா மதார் மைதீன் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு மீன்தலைக் கறியால்தான் பெயர். செடிகளுக்குச் செதில் கிடையாது என்பதே அவள் கண்ட முதல் அறிவியல் உண்மை.

முனைவர் பட்டம் வாங்கியபின், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓடைக்கரையில் இரண்டு ஆண்டுகள் மரம் எண்ணினாள். எண்பத்தாறு வகை. அதற்குள் மறுநடவு வந்தது. கரைமரங்களைத் தள்ளிவிட்டு, தண்ணீர் விளிம்புவரை செம்பனை நட முடிவாகியிருந்தது. மேலாளர் சுகுமாறன் அவளுடைய அறிக்கையை மரியாதையாகப் புரட்டினார்.

"லிஸ்ட் நல்லாதான் இருக்கு, டாக்டர். இந்த மரமெல்லாம் நின்னு யாருக்கு என்ன லாபம்லா? மூணு மாசத்துல மெஷின் வந்துரும்."

அன்றும் வழக்கம்போல, ஓடையில் பொறிக்கூடு வைத்து மீன் பிடிக்கும் தோட்டத் தொழிலாளி சன்னாசி, ஒரு பை லம்பாம் மீனை அவள் காரில் வைத்தார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார். அவளும் வழக்கம்போல அதைக் கடையின் பின்கட்டில் அத்தாவிடம் கொடுத்தாள். அன்று மட்டும் உடனே ஓடவில்லை. மூக்கைப் பொத்தியபடி, மரங்கள் போகப்போவதைச் சொல்லிப் புலம்பினாள்.

அத்தா மீனைக் கீறிக்கொண்டே சொன்னார். "தோட்டத்து மீனுல எப்பவும் இந்தக் குப்பைதான்மா. மணலு மாதிரி."

அவள் குனிந்து பார்த்தாள். மணல் அல்ல, அத்தி விதை. கரையில் அவளே எண் அடித்த மரத்தின் விதை.

"எப்பவுமேவா? ஏன்த்தா சொல்லல?"

"நீதான் மீனுன்னாலே ஓடுறியே. கழுவாமப் போட்டா கஸ்டமர் என்ன சொல்லுவான்?"

சுத்தமான கடை என்ற நற்பெயருக்காக, இரண்டு ஆண்டு ஆதாரம் சாக்கடைக்குப் போயிருந்தது.

மறுநாள் கையுறை வாங்கினாள். சன்னாசி பிடித்தார், அவள் கீறினாள். எழுபது மீனில் ஐம்பத்திரண்டின் வயிற்றில் கரையிலிருந்து விழுந்த அத்தியோ எறும்போ இருந்தது. இந்த முறை அறிக்கை ஒரே பக்கம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே ஓடையில் தூண்டில் போடும் சுகுமாறன் அதை இரண்டு முறை படித்தார்.

"மரம் போனா லம்பாமும் போயிருமா?"

"தெரியாது சார். சாப்பாடு போயிரும். அது மட்டும் நிச்சயம்."

இரு கரையிலும் இருபது மீட்டர் அப்படியே நிற்கட்டும் என்று வரைபடத்தில் கோட்டை நகர்த்தினார். ஒரு நிபந்தனை: மாதாமாதம் அவளே வந்து மீனை எண்ணிச் சொல்ல வேண்டும்.

அதற்கு ஆறு வருடமாகிறது. ஷஹீதாவின் பெயர் அட்டையில் இப்போது மீன் சூழலியலாளர் என்றிருக்கிறது. மீன் மட்டும் இன்னும் தொண்டையில் இறங்குவதில்லை. கடைக்குத் தோட்டத்து மீன் வரும் நாளில், குழாயைத் திறக்குமுன் மதார் மைதீன் போன் போடுகிறார்.

"கழுவட்டுமா, நீ வர்றியா?"