கல்வி ஒத்திவைப்பு மாநாடு

நான் தமிழாசிரியை. பிள்ளைகளின் எழுத்துப்பிழையைச் சுழித்துச் சுழித்தே மாதம் இரண்டு சிவப்புப் பேனாவைத் தீர்ப்பவள். அப்படிப்பட்ட என் புண்ணியத்தில்தான் பத்தடி நீளத்துக்கு ஒரு பிழை எங்கள் பள்ளி வாசலில் தொங்கியது. கரையான்சாவடியில் எல்லோரும் சொல்லிச் சிரித்து முடித்துவிட்டார்கள். இனி நான் சொன்னால் என்ன?

அண்டை நாடுகள் கைகோத்துக் கல்வியை எப்படி உயர்த்துவது என்று பேசுவதற்காக ஒரு குழு இருக்கிறதாம். நேபாளம், பூட்டான், வங்கதேசம், மாலத்தீவு, இலங்கை என்று ஐந்து நாட்டுக்காரர்கள் எங்கள் பள்ளியைப் பார்த்து, இங்கேயே ஒரு மாநாடும் நடத்த வருவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றைக்கே தலைமையாசிரியருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லாமல் கிடந்த பெண்கள் கழிப்பறைக்கு இரண்டே நாளில் தாழ்ப்பாள் வந்தது. அண்டை நாடுகள் மாதம் ஒருமுறை வந்துபோனால் எங்கள் பள்ளி எங்கேயோ போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஓர் அண்டை நாடு ஏற்கெனவே எங்கள் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். பெஞ்சில் இருந்தாளே தவிர, பதிவேட்டில் இல்லை. அவள் அப்பா கரையான்சாவடி மெயின் ரோட்டில் தள்ளுவண்டி போட்டு நூடுல்ஸ் வறுக்கும் மாஸ்டர், நேபாளத்துக்காரர். அவள் அங்கே எட்டாவது முடித்து வந்தவள். சான்றிதழ் நேபாளியில் இருந்தது. அந்த எட்டாவதும் நம் எட்டாவதும் ஒன்றுதான் என்று கையெழுத்துப் போடக் கல்வி ஆபீஸில் ஒரு ஆள் அகப்படவில்லை. தலைமையாசிரியர் கல்நெஞ்சக்காரர் இல்லை. "உக்காரட்டும் டீச்சர், பேரை அப்புறம் ஏத்திக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார். அந்த 'அப்புறம்' மட்டும் வரவே இல்லை.

மாதக் கடைசிக்குள் பெயர் ஏறாவிட்டால் அவளுக்கு அந்த வருஷம் போச்சு. பெயர் இல்லாத படிப்பு எதற்கு, வண்டிக்கு வந்து காய் வெட்டு என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை தோறும் அவள் என்னைத் தேடிக்கொண்டு வருவாள். இங்கே வந்த முதல் வருஷம் பள்ளி கிடைக்காமல் அப்பாவின் வண்டியோடே நின்றவள்; இரண்டு வருஷத்தில் இந்தப் பேட்டைத் தமிழ் அவள் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஆபீஸ்ல இன்னா சொன்னாங்க?"

"ஒத்திவெச்சிருக்காங்கம்மா. அடுத்த வாரம் பார்க்கலாம்."

"ஒத்திவெச்சின்னா?"

"இல்லைன்னு சொல்லல. இப்ப இல்லைன்னு சொல்றாங்க."

தலையாட்டிவிட்டுப் போவாள். அடுத்த வாரத்திலிருந்து அர்த்தம் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

விருந்தினரை வரவேற்க நாட்டுக்கு ஒரு மாணவி அந்தந்த நாட்டு உடையில் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. நேபாளத்துக்கு இவளை நிறுத்தலாம் என்றேன். தலைமையாசிரியர் பதறிப்போனார்.

"பதிவேட்டுல பேரே இல்லாத புள்ளைய எப்படி டீச்சர் மேடையில ஏத்தறது? நாளைக்கு யாராவது கேட்டா யாரு பதில் சொல்றது?"

ஆகவே, வேலப்பன்சாவடியிலிருந்து வரும் ஒரு பெண் நேபாளமாக நியமிக்கப்பட்டாள். எங்கிருந்தோ ஒரு நேபாளத் தொப்பி வாங்கிவந்து அவள் தலையில் வைத்தார்கள். "டீச்சர், அது ஆம்பளைங்க போடுற தொப்பி" என்று இவள் எடுத்துச் சொன்னாள். யார் காதில் விழுந்தது? நிகழ்ச்சி நாளன்று இவள் நூலகத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்றும் உத்தரவு. எனக்குக் கோபம் வந்தது. நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுவைத்தேன். மாதச் சம்பளக்காரியின் கோபம் அவ்வளவு தூரம்தான் போகும்.

வரவேற்புப் பேனர் என் பொறுப்பு. ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பும் வழியில், பாடி மேம்பாலத்தில் பஸ் முக்கிக்கொண்டு நிற்கையில், 'அண்டை நாடுகளின் கல்வி ஒத்துழைப்பு மாநாடு' என்று பேனர் கடைக்காரருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். சாயங்காலம் அவர் மாதிரியை அனுப்பினார். பெரிதாக்கிப் பார்க்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையைத் தட்டிவிட்டு, வீட்டுப்பாட நோட்டுகளில் பிழை தேடப் போய்விட்டேன்.

மறுநாள் காலையே நிகழ்ச்சி. வாசலில் நிமிர்ந்து பார்த்தேன். 'அண்டை நாடுகளின் கல்வி ஒத்திவைப்பு மாநாடு.' ஐயோ என்று கத்தியே விட்டேன். கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"என்னாண்ட கோச்சிக்காதீங்க டீச்சர். நீங்க சொன்னத்ததான் போட்டுக்கீறேன். லாரிக்காரன் ஆரன் அட்ச்சிகினே கீறான், நடுவுல 'ஒத்'தும் 'ப்பு'வுந்தான் கேக்குது. நீங்களும் ஓகேன்னு போட்டீங்களே!"

தலைமையாசிரியர் பேனரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "விடுங்க டீச்சர். வர்றவங்க எல்லாம் ஃபாரினு. எவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்?"

வந்த முதல் காரிலிருந்து இறங்கியவர் இலங்கையிலிருந்து வந்த அம்மா. யாழ்ப்பாணத்துக்காரராம். எங்கள் தலைமையாசிரியர் புவியியலில் முதுகலை என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த அம்மா அண்ணாந்து நிதானமாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரிக்காமல் கேட்டார். "நாங்கள் ஒத்துழைக்க எண்டுதானே வந்தனாங்கள். நீங்கள் என்னத்தை ஒத்திவைக்கப் போறியள்?"

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "வாங்க, காட்டறேன்" என்று நூலகத்துக்குக் கூட்டிப்போய் அந்தப் பெண்ணை நிறுத்தினேன். "இவளைத்தாங்க ஒத்திவெச்சிருக்கோம். வாராவாரம்."

பிறகு நடந்ததெல்லாம் அமர்க்களம். நேபாளத்து அதிகாரி ஓடிவந்து அவளிடம் அவள் பாஷையில் பேசினார். அவள் சரசரவென்று பதில் சொல்லிவிட்டு அழுதாள். தொப்பி போட்ட நேபாளத்தையும் தொப்பி போடாத நேபாளத்தையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். அண்டை நாட்டுச் சான்றிதழ்களைப் பரஸ்பரம் ஏற்பது பற்றி ஆராயத் துணைக்குழு ஒன்று அங்கேயே அமைக்கப்பட்டது. அடுத்த வாரமே முதல் கூட்டம் என்றார்கள். நானும் நம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு வீட்டுக்குப் பாயசம் வைக்கச் சேமியா வாங்கிக்கொண்டு போனேன்.

போகிற போக்கில் தலைமையாசிரியர் பேனரைக் கழற்றி, அவளைக் கூட்டிப்போக வந்த அவள் அப்பாவிடம் கொடுத்தார். "மழைக்கு வண்டி மேல போட்டுக்குங்க மாஸ்டர்." தடயம் ஒழிந்தால் போதும் அவருக்கு.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. தவிர்க்க இயலாத காரணங்களால் துணைக்குழுவின் முதல் கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது. திங்கட்கிழமை அவள் என்னைத் தேடி வரவில்லை. மூன்றாவது பெஞ்சும் காலியாக இருந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு மெயின் ரோட்டில் நடந்தேன். தள்ளுவண்டிக்கு மேலே எங்கள் பேனர் விறைப்பாகக் கட்டியிருந்தது. அதன் நிழலில் அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பது போலவே. நான் மேலே பேனரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அன்னிக்கு எல்லாரும் இத்தப் பாத்து தப்பு தப்புன்னாங்க இல்ல டீச்சர்? தப்பே இல்ல. கரெக்டாதான் போட்டுக்கீறாங்க."

என் கைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. ஒரு முட்டை நூடுல்ஸ் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.