சித்தப்பா ஓடாத மூன்று நாட்கள்

போலீஸில் சேரப் போவதாகச் சித்தப்பா அறிவித்தபோது, அவர் அதுவரை எதற்காகவும் ஓடியதில்லை. உத்தனப்பள்ளியில் கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும், அடுத்த பஸ் வரட்டும் என்று உட்கார்ந்துவிடுகிற ஆள். சேலத்தில் ஆள் எடுக்கும்போது ஒரு மைல் நிற்காமல் ஓடச் சொல்வார்கள் என்று யாரோ சொன்ன மறுநாள் காலையில் ஏரிக்கரைக்குப் போய்விட்டார். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

வீட்டில் கடிகாரம் கிடையாது. மூன்றாம் வகுப்பில் தப்பில்லாமல் எண்ணுகிறவள் என்று நான் பெயர் வாங்கியிருந்ததால், என்னையே கடிகாரமாக நியமித்தார். மதகிலிருந்து கோயில் வரை போய்த் திரும்பினால் ஒரு மைல். நான் மதகின் மேல் உட்கார்ந்து எண்ணுவேன். நூறுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைப்பேன். முதல் நாள் எட்டுக் கொட்டை. இரண்டு வாரத்தில் ஏழாகக் குறைந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அவர் சாயங்காலமும் ஓடத் தொடங்கினார். அப்போதுதான் விசித்திரம் நடந்தது. கொட்டைகள் மறுபடி ஏறின.

"நீ வேகமா எண்ணறே பாப்பா" என்று என் மேல் பாய்ந்தார்.

எனக்கே சந்தேகம் வந்து, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை இரண்டு நாள் எண்ணிக்கொண்டே நடந்து பார்த்தேன். இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே எண்தான். தவறு என்னிடம் இல்லை. அதற்குள் சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும் நிலைக்கு வந்திருந்தார்.

சித்திக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தொரப்பள்ளியில் தன் அம்மா படுத்த படுக்கையாகக் கிடப்பதாகச் சொல்லி, அவள் சித்தப்பாவை வண்டியில் அழைத்துப் போனாள். நானும் தொற்றிக்கொண்டேன். போய்ப் பார்த்தால், படுத்த படுக்கையானவர் கொல்லையில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். சித்தி எங்கள் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்று நாள் அவள் சித்தப்பாவைக் கிளம்ப விடவில்லை. "ஓடினதெல்லாம் வீணாப் போச்சு" என்று புலம்பியபடி அவர் களி தின்றார், தூங்கினார். வேலை கிடைத்தால் அவர் மட்டும்தான் வெளியூர் போவார், சித்தி எங்களோடுதான் இருக்க வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். அதனால்தான் கெடுக்கிறாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த மறுநாள் ஓடினார். ஆறே கொட்டை.

"எம்மேல பாவப்பட்டு மெதுவா எண்ணினியா?"

"சாமி சத்தியமா இல்ல, சித்தப்பா."

ஓடாத நாளில் ஓட்டம் எப்படி வளரும்? பொறுக்க முடியாமல் சித்தியிடமே கேட்டேன். அவள் சிரித்தாள்.

"தினமும் அவரு காலுக்கு எண்ணெய் தேய்க்கறது யாரு? ரெண்டு நாள் சேந்தாப்பல ரெண்டு வேளையும் ஓடினா கெண்டைக்கால் கல்லாட்டம் ஆயிடுது. ஒருநாள் உட்டா இளகுது. கல்லு எங்கனா ஓடுமா? அவருகிட்ட சொல்லிடாத. சொன்னா வீம்புக்குன்னே ஓடுவாரு."

அதன்பின் மூன்று நாளுக்கு ஒருமுறை அவருக்கு எண்ணெய்க் குளியல் வைத்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று யாரும் வெயிலில் ஓடமாட்டார்கள். சித்தப்பாவும் அதை மீறவில்லை.

சேலத்தில் அவரை எடுத்துக்கொண்டார்கள். "ஒருநாள் விடாம ஓடினேன், அதான்" என்று ஊர் முழுக்கச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். சித்தி ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

அவர் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிய அன்று, சித்தி வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். தட்டில் போட்ட களியைத் தொடவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவரு போறது உனக்குப் புடிக்கலன்னா, தினமும் ஓடட்டும்னு உட்டிருக்கலாமில்ல சித்தி? போயிருக்கவே மாட்டாரே."

அவள் தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள். பதில் தெரியாமல்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் பங்குக் களியையும் நானே சாப்பிட்டு முடித்தேன்.