தாம்போதியில் ஏறிய பாரம்

பேய், முனி, ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விடுகிற ஆள் நான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து, இருபத்தைந்து வருடமாக அதையே பிள்ளைகளுக்குப் படிப்பித்து வருகிறவன். திணிவு இல்லாத ஒன்றுக்கு நிறை இருக்காது என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன், சொல்லத் தெரியாது. ஆகவே கீழே எழுதியிருப்பதை நீங்கள் நம்பாவிட்டால் நான் கோபிக்கமாட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன் இதை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் தேத்தண்ணீர் போடத்தான் போயிருப்பேன்.

என்னிடம் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் இருந்தது. தூரப் பயணத்துக்கென்றே செய்த சாதி, இருநூற்றிருபது கிலோ. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் அதில் போய் வந்திருக்கிறேன், அதைப் பற்றி ஊரில் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்திரண்டாவது வயதில் ஒருநாள் பெற்றோல் செட்டில், வரிசை முழுவதும் பார்த்திருக்க, அது மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. நானும் மரியாதைக்கு அதோடு சேர்ந்து சாய்ந்தேன். மூன்று பேர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள், என்னைத் தூக்க ஒருவருக்கும் அவசரமில்லை. முதுகெலும்பைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், வண்டியா முதுகா என்று ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார். பெரியது ஒரு கண்டிக்காரரிடம் போயிற்று, நூற்றுப்பத்துக் கிலோவில் ஒரு சின்னது வீட்டுக்கு வந்தது. “இப்பதான் வாத்தியார் மாதிரி இருக்கிங்க” என்றாள் என் மனைவி சாந்தி.

ஆனால் கைகால்களுக்கு இந்த மாற்றத்தை யாரும் அறிவிக்கவில்லை. சின்ன வண்டியிலும் நான் பெரிய வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வளைவில் தேவைக்கு மேல் சாய்வேன், சும்மா நிற்கும்போதும் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொள்வேன், சாமான் கட்டவும் பழைய வண்டியின் நீட்டு ரப்பர் கயிற்றைத்தான் வைத்திருந்தேன். நடந்ததற்கு அதுதான் காரணம், அல்லது காரணத்தில் எனக்கு விளங்குகிற பாதி அதுதான்.

மாமி, அதாவது சாந்தியின் தாய், உன்னிச்சைப் பக்கத்தில் இருக்கிறார். அந்த மாரியில் சாந்தி இரண்டு நாள் முன்னதாகவே அங்கே போயிருந்தாள். பிறகு மழை பிடித்தது, உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள், மாமி சீனி வருத்தத்துக்குப் போடுகிற இன்சுலின் முடிந்துவிட்டது. மூன்றும் சொல்லிவைத்தது போல ஒரே நாளில். பிற்பகல் இரண்டு மணிக்கு சாந்தி தொலைபேசியில் அழைத்தாள்.

“அம்மா கண்ணத் திறக்கிறா இல்ல. கூப்பிட்டா முனகிறா. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக இஞ்ச ஒரு வாகனமும் வருகுதில்ல. மருந்த வாங்கிக்கொண்டு கெதியா வாங்க.”

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டவுனில் மருந்தை வாங்கி, ஐஸ் போட்ட சின்னப் பெட்டியில் வைத்து, பின் இருக்கையில் ரப்பர் கயிற்றால் இறுக்கி, வலையிறவுப் பாலத்தால் படுவான்கரைக்கு இறங்கினேன். தாம்போதிக்கு வந்து சேர மூன்றரை ஆகியிருக்கும். தாம்போதி என்றால் வீதியையே தாழ்த்திக் கட்டி, மாரித் தண்ணீரை அதன் மேலால் ஓடவிடுகிற இடம். தண்ணீர் கூடினால் அங்கே ஓர் உழவு இயந்திரம் வந்துவிடும், மோட்டார் சைக்கிள்களை அதன் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியில் தூக்கி ஏற்றி, ஆட்களையும் ஏற்றி, அக்கரையில் இறக்கிவிடுவார்கள். அன்றைக்கு அதை ஓட்டியவன் யோகன், பக்கத்து வட்டையில் வயல் செய்கிறவன், நல்ல பழக்கம். என் பெரிய வண்டியை மட்டும் அவன் ஒருநாளும் பெட்டியில் ஏற்றியதில்லை, தூக்க ஆள் காணாது என்பான். அதனால் எல்லாரும் பெட்டியில் போக நான் மட்டும் தண்ணீருக்குள்ளால் ஓட்டிக்கொண்டு போவேன், அதில் எனக்கு இரகசியமாக ஒரு பெருமையும் இருந்தது.

“ஏத்துங்க சேர், உங்கடயோட இன்னும் ஒண்டு வந்தா வெளிக்கிடுவம்” என்றான் யோகன். பெட்டியில் ஏற்கெனவே நாலு வண்டி நின்றது, ஆட்கள் படங்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள்.

“இப்ப எடுக்கேலாதா? மாமிக்கு மருந்து.”

“போன நடை பாரமில்லாமப் போய் பெட்டிய தண்ணி இழுத்துட்டு சேர். ஆறு நிக்கணும், இல்லாட்டி எல்லாரும் போறதுதான்.”

“அப்ப நான் ஓடிப் போறன். எத்தின தரம் போயிருக்கன்.”

“அது அந்த எருமையில சேர். இது ஆட்டுக்குட்டி. அள்ளிக்கொண்டு போயிடும்.”

அவன் சொன்னது சரி. தண்ணீர் பாயும் இடத்தில் வண்டியை நிலத்தில் நிறுத்துவது அதன் நிறைதான், பாதி நிறை என்றால் பாதிப் பிடி. பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். படிப்பித்த நானோ முதலாம் கியரைப் போட்டு இறங்கினேன்.

முதல் இருபது யார் தூரம் பரவாயில்லை. பிறகு தண்ணீர் சில்லின் அரைவாசிக்கு வந்தது, நிறம் தேத்தண்ணீர் போல, கரை எது தாம்போதி எது என்று தெரியவில்லை, இரண்டு பக்கமும் நட்டிருந்த வெள்ளைக் கட்டைகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. பின்னால் யோகன் ஏதோ கத்தினான், தண்ணீரின் இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நடுவுக்கு வரும்போது பின்சில்லு நிலத்தை விட்டது. அப்படியே தக்கை மாதிரி. வண்டியின் வால் இடப்பக்கம் கட்டைகளை நோக்கி நழுவுகிறது, நான் பழைய பழக்கத்தில் பெரிய வண்டிக்குச் சாய்கிற சாய்வு சாய்கிறேன், அது இன்னும் மோசமாகிறது, இடது கால் ஊன்ற இடமில்லாமல் தண்ணீரைத் துழாவுகிறது. கட்டைகளுக்கு அப்பால் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும், கோடையில் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் மாமியைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ நினைத்தேன் என்றால் பொய். மருந்துப் பெட்டி போகப்போகிறது, சாந்திக்கு என்ன சொல்லுவேன் என்று மட்டும்தான் நினைத்தேன்.

அப்போது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆள் ஒன்று ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் எப்படி இறங்குமோ அப்படி, ஒரு தரம் இறங்கி, கொஞ்சம் மேலெழும்பி, திரும்ப இறங்கி நிலைத்தது. பின்சில்லு கொங்கிரீட்டைக் கடித்தது. நான் சாயாமலே வண்டி தண்ணீருக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது, பின்னால் இருக்கிறவர் சரியான பக்கத்துக்குப் பாரத்தைப் போட்டது போல. என் முதுகில் கடினமாக ஏதோ வந்து அழுத்தியது, பெட்டி முன்னால் சரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை, தைரியத்தால் அல்ல, கட்டைகளிலிருந்து கண்ணை எடுத்தால் முடிந்தேன் என்பதால். வண்டியின் பக்கக் கண்ணாடி இரண்டும் மழையில் வெள்ளையாகக் கிடந்தன. மிச்சத் தூரத்தை நடக்கிற வேகத்தில் போனேன். மூச்சு விடும் சத்தம் கேட்டது, அது என்னுடையதுதான் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கரையில் முன்சில்லு மேட்டில் ஏறியதும், நான் நிறுத்த முதலே, ஸ்பிரிங் மேலே எழும்பியது. ஆள் இறங்கினால் எழும்புமே, அப்படி.

திரும்பினேன். ஒருவரும் இல்லை. வீதி, தண்ணீர், மழை. பெட்டி பின் இருக்கையின் நடுவில் நேராக இருந்தது. ரப்பர் கயிற்றைக் காணவில்லை. கட்டாத ஒரு பெட்டி, வழுக்குகிற ஈர இருக்கை, அந்தத் தண்ணீர். நான் அதைத் தொடக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மழையங்கிக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிச்சத் தூரத்தை ஓட்டினேன்.

சாந்தி ஊசியைப் போட்டாள். இரவெல்லாம் நாங்கள் இருவரும் மாமியின் கட்டிலின் இரண்டு பக்கமும் இருந்தோம். விடியும் நேரம் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “ஒரு மருந்து வாங்கிவர இவ்வளவு நேரமா மருமகன்?” என்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் திட்டி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

மழை விட்டதும் வண்டியில் சாந்தியை ஏற்றி, ஸ்பிரிங் எவ்வளவு இறங்குகிறது என்று அடிமட்டத்தால் அளந்தேன். என்ன விளையாட்டு இது என்று கேட்டாள், அவளுடைய நிறை எங்கள் வீட்டில் அரச இரகசியம். தாம்போதியில் இறங்கியது, என் உடம்புக்கு நினைவிருக்கிற அளவில், அதைவிடக் கொஞ்சம் குறைவு. மெலிந்த ஆள் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். அளந்த பிறகுதான் வேறொரு நினைப்பு வந்தது, பெரிய வண்டியில் நான் எத்தனையோ மாரி இதே இடத்தைக் கடந்திருக்கிறேன், மெலிந்த ஆள் ஒருவர் ஏறி இறங்கியிருந்தால் அந்த இருநூற்றிருபது கிலோ எனக்குச் சொல்லியிருக்குமா? அடிமட்டத்தை உள்ளே வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்து நான் திரும்பி வரும்போது யோகன் தாம்போதியடியில் நின்றான். கையில் என் ரப்பர் கயிறு.

“இது உங்கட தானே சேர். தண்ணிக்க இறங்கக்குள்ளயே கொளுவி கழண்டு இஞ்ச விழுந்திட்டு. எவ்வளவு கத்தின நான்.”

“பெட்டி விழல்லியே.”

“விழத்தான் பாத்திச்சு, சரிஞ்சிட்டு. மறுகா பாத்தா ஆள் ஒண்டு இருந்து மடியில வச்சுப் பிடிச்சிக்கொண்டு போகுது. சரி எண்டு விட்டுட்டன்.”

“நடுத் தண்ணியில ஆரடா ஏறின?”

“அதத்தான் சேர் நானும் மூணு நாளா யோசிக்கிறன்.”

அவனை மடக்கிவிடலாம் என்று ஒரு ஆறுதல் எனக்கு. வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையைப் பிடிப்பது போல மெதுவாகக் கேட்டேன். “யோகன், நீ நிண்டது எனக்குப் பின்னால. பின்னுக்கு இருந்தவர்ர முதுகுதான் உனக்குத் தெரியும். மடியும் பெட்டியும் எப்பிடித் தெரிஞ்ச?”

அவன் கயிற்றைச் சுற்றி என் கையில் வைத்தான்.

“முதுகு தெரியல்ல சேர். முகந்தான் தெரிஞ்ச.”

என் முதுகோடு முதுகு வைத்து, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அது எப்படிப்பட்ட முகம், ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை. அவன் சொல்ல வாயெடுத்தான், நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

இப்போதும் மாதம் இரண்டு தரம் மருந்தோடு அந்த வழியால்தான் போகிறேன், கோடையில், காய்ந்த கொங்கிரீட்டில், பட்டப்பகலில். வட்டையில் யோகன் நின்றால் என்னைக் கண்டதும் தலையை அசைப்பான், நானும் அசைப்பேன். அவனைக் கடந்து கொஞ்சத் தூரம் போன பிறகு கண்ணாடியில் பார்த்தால், போகிற என் வண்டியைப் பார்த்து அவன் இன்னொரு தரம் தலையை அசைக்கிறான்.