ரிப்போர்ட்டில் நான் எழுதாத நோன்பு

1. வந்தவள்

அப்போது ஆஸ்பத்திரியின் எக்கோ அறையில் எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். இதயத்தை அல்ட்ராசவுண்டில் படம் பிடித்து, அளவெடுத்து, டாக்டருக்கு ரிப்போர்ட் எழுதித் தருவது வேலை. நித்யா சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் டாக்டர் லிம், சிக்கலான கேஸ் என்றால், "நித்யா ஃப்ரீயா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

வேறு பெயர் சொல்லி மழுப்பப் போவதில்லை, பொறாமைதான். வயிறு எரிந்தது. அவள் என்னை 'அக்கா, அக்கா' என்று மரியாதையாகக் கூப்பிட்டது இன்னும் எரிச்சல். கொஞ்சம் திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

2. காதர் பாய்

ரமலான் மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் ஈசூன் பேட்டையிலிருந்து வந்தார். வயது அறுபத்து நான்கு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கிளினிக்குக்குப் போயிருக்கிறார்; நெஞ்சில் இரைச்சல் கேட்கிறது என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

"நாக்கு வறளுதும்மா, நோன்பு. விடியறதுக்கு முன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து பிரஷர் மாத்திரையும் போட்டுட்டேன்," என்றார்.

"முக்கா மணி நேரந்தான் பாய். இடது பக்கமா சாஞ்சு படுங்க."

மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள இரட்டைக் கதவு. பாய்க்கு அதில் ஒரு கதவு சரியாகப் பொருந்தாமல் பின்னால் சரிந்தது. ரத்தம் மேலறைக்கே திரும்பக் கசிந்தது. திரையில் அந்தக் கசிவு மெல்லிய கோடாகச் சுவரை ஒட்டி ஓடியது. பிரஷர் 94/56. 'லேசான கசிவு' என்று எழுதினேன். நோன்பை எழுதவில்லை. டாக்டர் லிம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார்.

3. பச்சைப் பொய்

ஒருவர் எடுத்த படங்களை இன்னொருவர் சரிபார்ப்பது எங்கள் பிரிவின் வழக்கம். சில வாரம் கழித்து பாயின் படங்கள் நித்யாவிடம் போயின.

"அக்கா, லேசுன்னு போட்டிருக்கீங்க. ஆனா மேலறை நல்லா வீங்கியிருக்கே. சுவரை ஒட்டிப் போற கசிவு பாக்கறதுக்குச் சின்னதாத்தான் தெரியும். பிரஷர் வேற கம்மி. அன்னிக்கு அவர் நோன்பா இருந்தாரா?"

உடம்பில் தண்ணீர் குறைந்து பிரஷரும் இறங்கியிருந்தால் கசிவு குறைவாகத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

"எனக்கு எப்படித் தெரியும் லா," என்றேன்.

"சரிக்கா. நாளைக்கு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

கசிவு கடுமையானதாக இருந்து ஒரு வருடம் விட்டால் இதயம் விரிந்து தளர்ந்துவிடும். அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் முழுப் பலன் கிடைக்காது. அதை நினைத்தேன். ஆனால் முதலில் நினைத்தது, நல்ல பெயர் அவளுக்குப் போய்விடுமே என்றுதான். அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் பாய்க்குப் போன் போட்டேன்.

"பெருநாள் முடிஞ்சிருச்சுல்ல பாய்? நாளைக்குக் காலைல பசியாறிட்டு வாங்க. இன்னொரு தடவை பாத்துடுவோம்."

4. மொழிபெயர்ப்பு

மறுநாள் காலை பிரஷர் 138/82. முன்பு கோடாகத் தெரிந்த கசிவு இப்போது மேலறையைச் சுற்றிக்கொண்டு நுரையீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய்க்குள்ளேயே எதிர்த்து ஓடியது. கடுமையான கசிவு. சந்தேகமே இல்லை. டாக்டர் லிம்மைக் கூப்பிட்டுக் காட்டினேன். நித்யாவும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

"மல்லிகா, வெல் டன். இவரைக் காப்பாற்றிவிட்டாய்," என்றார் டாக்டர் ஆங்கிலத்தில். அந்த வார்த்தைக்கு நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்.

பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அன்னிக்கு நோன்புன்னு உங்ககிட்ட சொன்னேனேம்மா, அதுல மெஷின் ஏமாந்துருச்சா?"

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நித்யாவுக்குத் தெரியும். அவள் முகம் சிவந்தது, தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நித்யா காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். அவளுடைய தயவில் அந்தப் பாராட்டை வைத்துக்கொள்வதா என்ற நினைப்புதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. சொல்லிவிட்டேன்: நோன்பு என்று அன்றே சொன்னார், நான் எழுதவில்லை, நித்யா கேட்டபோது தெரியாது என்றேன், தவறைக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

டாக்டர் என்னை ஒன்றும் திட்டவில்லை. நித்யாவின் பக்கம் திரும்பி, "வெல் டன்," என்றார்.

தொண்டை வழியாக இன்னொரு எக்கோ எடுத்து உறுதிசெய்தார்கள். பாயின் வால்வை மாற்றாமலேயே தைத்துச் சரிசெய்து, ஒரு வளையம் வைத்தார்கள். இப்போது அவர் நிற்காமல் மாடி ஏறுகிறார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஓய்வு பெற்ற நாள்வரை நான் பட்டேன். நோயாளி வாய்விட்டுச் சொன்னதை எழுத மட்டும் தவறாதீர்கள்.