தேத்தண்ணி போகும் வழி

எங்கள் தொண்டர் மீட்புக் குழுவுக்குப் பயிற்சி வைப்பதென்றால் எனக்குத் தலைவலிதான். கண்டியில் கடை வைத்திருப்பவர்களும் என்னைப் போல கந்தோரில் கோப்புப் புரட்டுபவர்களுமாகச் சேர்ந்த குழு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பிட்டியவில் ஒரு மலைச்சரிவில் யாராவது ஒருவரை ஒளித்துவைப்பேன். மண்சரிவில் சிக்கிய ஆள் அவர். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. சரிவுக்கு அடியில் என் அக்கா வீடு. ஒளியப் போகிறவர் இடத்தை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே ஏறுவார். ஒளிந்திருப்பவருக்காக அவள் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் பேப்பரில் சுற்றிய ரோல்ஸும் எடுத்துக்கொண்டு கிளம்புவாள். எங்கள் வீரர்கள் அவள் பின்னாலேயே போய்விடுவார்கள்.

"பாவம், மனுசன் ஈரத்துல கெடக்கிறாரு. ஒரு வாய் தேத்தண்ணி குடுத்தா என்னடா?" என்றாள் அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சரிவில் வெடிப்பு விழுந்திருந்தது. இடிந்தால் முதலில் புதைவது அவள் வீடுதான். எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. வேறு எங்கே போவது என்று கேட்பாள்.

அடுத்த முறை, இடத்தை ஒருவருக்கும் சொல்லாமல் நானே ஒளிந்தேன். இடிந்த மாட்டுக்கொட்டிலின் தகரத்துக்குக் கீழே படுத்துக் கல்லால் தட்டிக்கொண்டே இருந்தேன். தேடும்போது இடையிடையே பேச்சை நிறுத்திக் காது கொடுக்க வேண்டும் என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர்களோ எல்லோரும் ஒன்றாக "அண்ணே, அண்ணே" என்று கத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கத்தலும் நின்றது. எனக்குக் கை வலித்தது, எறும்பு கடித்தது, ஒருவரும் வரவில்லை.

கடைசியில் தகரத்தைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அக்கா வீட்டு வாசலில் முழுக் குழுவும் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

"ஏன் தேடல?"

"அக்கா எப்ப கிளம்புவாங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்கோம் அண்ணே," என்றார் ஒருவர்.

அக்கா பிளாஸ்க்குடன் நின்றாள். "நீ எங்க கெடக்கேன்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியலையே."

வீட்டுக்குப் பின்னால் தெரிந்த வெடிப்பைக் காட்டினேன்.

"அது இடிஞ்சா உள்ள கெடக்கப் போறது நீ. அன்னைக்கு இவங்க யாரு பின்னால போவாங்க?"

அக்கா அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று பிளாஸ்க்கை அவள் திறக்கவேயில்லை.