மகள் சொல்லும் திராட்சை விலை

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு லினக்ஸ் சர்வர் ஓடுகிறது. மகள் வைத்தது. பன்னீர் திராட்சை விவசாயிகள் அதன் எண்ணுக்குப் போன் செய்தால், அன்றைய விலையை அவள் குரல் சொல்லும். ஒன்று முதல் நூறு வரை அவளே பேசிப் பதிந்திருந்தாள். 'இன்று', 'கிலோ', 'ரூபாய்' சேர்த்து நூற்று மூன்று பதிவுகள். எண்ணியிருக்கிறேன். போன வருடம் புற்றுநோயில் போய்விட்டாள். அதன்பின் தினமும் கமிஷன் கடையில் விலை கேட்டு நான்தான் ஏற்றிவந்தேன்.

இந்தப் பங்குனியில் கடைக்காரர் சொன்னார்: "சார், எல்லாரும் வாட்ஸப்புலயே வெல பாத்துக்கிறாக. ஒங்க நம்பருக்கு ஒருத்தரும் அடிக்கிறதில்ல. நிறுத்திருங்க."

அன்று மாலை, விலை சொல்லும் அந்த சர்வீஸுக்கு 'ஸ்டாப்' கொடுத்தேன். மெஷின் மறுபடி எழும்போது தானாகத் தொடங்காதபடி 'டிஸேபிள்' என்றும் கொடுத்தேன். இரண்டு வரி. இரண்டாவதை மூன்று முறை அடிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை மனைவி போனோடு மாடிக்கு வந்தாள். மூட்டுவலிக்காரி. பதினேழு படி.

"ஏங்க, இன்னைக்கு அவ எடுக்கலையே."

எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் கிடையாது.

"நீ தெனமும் அடிப்பியா?"

"காப்பி போட்டுட்டு ஒரு தடவ. ஒங்களுக்கென்ன, மேல அவளோடயே ஒக்காந்திருக்கீக."

உடனே 'ஸ்டார்ட்' கொடுத்தேன். சுவரைப் பார்த்து நின்று கேட்டுவிட்டுக் கீழே போனாள்.

மத்தியானம் கரண்டு போய் வந்தது. மெஷின் எழுந்தது, சர்வீஸ் எழவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே மகள் எனக்கு இதைச் சொல்லியிருந்தாள்: "ஸ்டார்ட் இப்பத்திக்கு மட்டுந்தான்ப்பா. கரண்டு போனா அதுவும் போச்சு. எனேபிள் பண்ணாத்தான் திரும்பி வரும்." நான் நான்கு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினேன். "போதும்ப்பா, நர்ஸம்மா சிரிக்கிறாக," என்றாள்.

மறுபடி போன் செய்து பார்த்துவிட்டுக் கீழிருந்து மனைவி கேட்டாள்: "திரும்பவும் நிறுத்திட்டீகளா?" அதில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அவளை மேலே அழைத்து உட்கார வைத்து, கடைக்காரர் சொன்னதைச் சொல்லிவிட்டு, 'எனேபிள்' கொடுத்தேன். மனம் கேட்காமல் மெஷினையே அணைத்து எழுப்பினேன். திரையில் வரிகள் ஓடின. கடைசியில் 'மல்ட்டி யூசர் டார்கெட்' என்ற வரி வர வேண்டும். தானாக எழ வேண்டிய சர்வீஸெல்லாம் அதற்குள் எழுந்துவிடும்.

"வந்துருவாளா?"

"வரணும்."

அந்த வரி வந்தது. போன் செய்தாள். 'இன்று கிலோ நாற்பத்திரண்டு ரூபாய்.'

"இது பழைய வெல," என்றாள். "ஒருத்தரும் கேக்கலைன்னா நாம எந்த வெலயும் போடலாமில்ல? நாளைக்கு வேற நம்பர் போடுங்க."

எழுபத்தேழு போட்டேன். அதை மகள் பதிந்தபோது அடுக்களையில் இவள் வைத்த குக்கர் ஒரு விசில் அடித்தது. பதிவில் விழுந்த அதை மகள் அழிக்காமல் விட்டிருந்தாள். இவளுக்கு அது இன்னும் தெரியாது.