மம்மி டெலியாவின் நாலு சொல்

பிலிப்பைன்ஸின் சான் ஃபெர்மினில் ரோடெலியோ கும்பான் என்று ஆண் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. மம்மி டெலியா என்றால் தெருநாய்கூட வழிகாட்டும். நகராட்சிச் சந்தையில் முடிவெட்டும் கடை. சாயங்காலமானால் அழகிப் போட்டிக்குப் பெண்களைத் தயார்படுத்தும் வேலை. ஆங்கிலத்தில் பதில் சொல்லக் கற்றுத்தர மம்மியை விட்டால் இலோய்லோவிலேயே ஆள் கிடையாது. இதுவும் மம்மியே சொன்னதுதான்.

இந்த வருஷம் சிக்கியவள் மீன்காரி மகள் ரிசலின்.

"ஏண்டி, பதிலை மொட்டையா ஆரம்பிக்காதே. முன்னாடி ஒரு சொல்லை வை. கிளியர்லின்னா, வக்கீல் மாதிரி கெத்தா இருக்கும். எவிடென்ட்லின்னா கையில சாட்சி வேணும், அது போலீஸ்காரன் பேச்சு. அப்பாரென்ட்லின்னா, பார்த்தா அப்படித்தான் தெரியுது, ஆனா சத்தியம் பண்ணமாட்டேன். மாட்டிக்கிட்டா நழுவ அதுதான் வசதி."

"அப்ப ஆப்வியஸ்லி, மம்மி?"

"வாயைக் கழுவு! இதுகூடத் தெரியலையாடா மடையான்னு நடுவரையே கேக்குற சொல்லு அது. கிரீடம் போயிடும்."

மம்மிக்கு இந்த வருஷம் வேறு கவலையும் இருந்தது. கடையின் குத்தகை முடிந்துவிட்டது. ஊர்த் திருவிழா முடியட்டும், புதுக் குத்தகைக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று மேயர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்.

திருவிழாவின் அழகிப் போட்டியன்று மேயர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மணிலாவிலிருந்து வந்த நடுவர்கள். உள்ளூர்ப் பேச்சு அவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ரிசலினுக்கு வந்த கேள்வி இது: நம் மேயர் ஊருக்குத் தந்த மிகப் பெரிய பரிசு எது?

கற்றுக்கொடுத்த ஆங்கிலமெல்லாம் காற்றில் போய்விட்டது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்டாள். விதியில் அதற்கு இடமுண்டு. கூட்டம் மொத்தமும் மம்மியைத் திரும்பிப் பார்த்தது. கண் மையைக்கூடச் சரிசெய்யாமல் மம்மி மேடையேறினார்.

ரிசலின் தன் பேச்சிலேயே சொன்னாள். "எங்க தெருவுக்குக் குழாய் குடுத்தாரு. தண்ணிதான் குடுக்கல. இது ஊருக்கே தெரியும்."

கூட்டம் ஊளையிட்டது. மேயர் பல் தெரியச் சிரித்தபடி மம்மியையே பார்த்தார். அந்தச் சிரிப்பில் கடைச் சாவி தொங்கியது.

அப்பாரென்ட்லி என்று சொல்லிவிட்டால் போதும். தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது, யார் கண்டது என்றாகிவிடும். கடையும் மிஞ்சும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மம்மிக்கு உள்ளங்கால்வரை பயம். ஆனால் அன்று மத்தியானம் ரிசலினுக்குத் தலை அலசிய தண்ணீர், அவள் அம்மா மலையடியிலிருந்து இடுப்பொடியச் சுமந்து வந்தது. ஒரு குடம் போதாது என்று இன்னொன்று கேட்டு வாங்கியதும் இதே மம்மிதான்.

"ஆப்வியஸ்லி," என்று ஆரம்பித்தார். மீதியை வரி பிசகாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். மணிலா நடுவர்கள் மேயரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிரீடம் வேறொருத்திக்குப் போனது. திங்கட்கிழமை கடைக்குப் பூட்டு விழுந்தது.

இப்போது மம்மி ரிசலின் வீட்டு வாசலில் முடி வெட்டுகிறார். குழாய் இன்னும் காய்ந்தே கிடக்கிறது. தலை அலச வேண்டுமென்றால் வாடிக்கையாளர்களே ஆளுக்கொரு வாளித் தண்ணீர் கொண்டுவர வேண்டும். கொண்டுவருகிறார்கள், வரிசையில் நின்று.

"கடை போச்சே மம்மி, வருத்தமா இல்லையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆப்வியஸ்லி வருத்தம்தான்டி. வயிறு எரியுது. நீ தலையைக் குனி."